அலிசன் ஃபீலிக்ஸ் தன் காலணியைத் தானே ஏன் செய்துகொண்டார்?

2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு டோக்கியோவில் பெண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். கொரோனா காலம் என்பதால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. ஒன்பதாவது லேனில் அலிசன் ஃபீலிக்ஸ் நின்றார். 400 மீட்டரில் கடைசி லேனில் ஓடுகிறவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. வளைவின் தூரக் கணக்கைச் சரிக்கட்ட அவரை மற்ற எல்லோருக்கும் முன்னால் நிறுத்தியிருப்பார்கள். துப்பாக்கி வெடித்த பிறகு பாதித் தூரத்துக்கும் மேல் அவர் கண்ணில் ஓர் ஆள்கூடத் தட்டுப்படாது. பின்னால் யார் எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்று தெரியாமல், தன் வேகக் கணக்கை மட்டும் நம்பி ஓட வேண்டும்.

அப்போது ஃபீலிக்ஸுக்கு வயது 35. வீட்டில் இரண்டு வயது மகள். 49.46 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். நான்காவதாக வந்தவருக்கும் அவருக்கும் 0.15 விநாடிதான் இடைவெளி. அந்த வெண்கலம் அவருடைய பத்தாவது ஒலிம்பிக் பதக்கம். ஜமைக்காவின் மெர்லின் ஓட்டியை முந்தி, தடகளத்தில் மிக அதிகப் பதக்கம் பெற்ற பெண் ஆனார். மறுநாள் 4x400 தொடரோட்டத்தில் தங்கம் வந்தது. மொத்தம் 11. அமெரிக்க ஓட்டக்காரர் கார்ல் லூயிஸுக்கு 10. தடகளத்தில் அவருக்கு மேலே இருப்பவர் 1920களில் ஓடிய பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும்தான், அவருக்கு 12.

அந்த இரவில் என் கண் போனது அவர் காலுக்கு. போட்டிருந்த ஸ்பைக்ஸ் எந்தப் பெரிய நிறுவனத்துடையதும் அல்ல. 'சேஷ்' என்ற பெயரில் அவரும் அண்ணன் வெஸ்ஸும் சில வாரங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்த சொந்த நிறுவனத்தின் தயாரிப்பு. ஒன்பது ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், காலணி நிறுவனங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்க வேண்டியவர், தன் காலணியைத் தானே செய்துகொண்டு ஓட வந்தது எப்படி? அவருடைய ஓட்ட வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். பதில் தெரிய அமெரிக்கத் தடகளத்தில் பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும்.

பெரிய ஷூவும் தொளதொள டிரவுசரும்

ஃபீலிக்ஸ் 1985 நவம்பர் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அப்பா பால் கிறித்துவப் போதகர்; இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தவர். அம்மா மார்லீன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அண்ணன் வெஸ்தான் வீட்டில் முதலில் ஓடியவர். பள்ளியில் ஃபீலிக்ஸுக்குக் கோழிக்கால் என்று பட்டப்பெயர். உடம்புக்குப் பொருந்தாத ஒல்லிக் கால்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஓட்ட அணிக்கான தேர்வுக்குக் கூடைப்பந்துக்காரர் போடும் கனத்த ஷூவும் தொளதொள டிரவுசருமாகப் போய் நின்றார். 60 மீட்டர் ஓடவிட்டார் பயிற்சியாளர் ஜோனதன் பாட்டன். வந்த நேரத்தைப் பார்த்ததும், தூரத்தைத் தப்பாக அளந்துவிட்டோமோ என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். தூரம் சரியாகத்தான் இருந்தது.

2003இல் மெக்சிகோ சிட்டியில் 200 மீட்டரை 22.11 விநாடியில் ஓடினார். வயது 17. உயரமான ஊர், காற்றின் அடர்த்தி குறைவு, குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குச் சாதகம். இருந்தாலும் 17 வயதுக்கு அது நம்ப முடியாத நேரம். அங்கே ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்காததால் இளையோர் உலக சாதனையாக அதை ஏற்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் உடனே, அன்றைய ஓட்ட நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி, அடுத்த மரியன் ஜோன்ஸ் என்று எழுதத் தொடங்கின. அந்த ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு 2007இல் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். வேகமாக ஓடுகிற ஒவ்வொரு அமெரிக்கப் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில்தான் ஃபீலிக்ஸ் வளர்ந்தார். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு கூடுதல் பரிசோதனைக்கு ஆள் கேட்டபோது தானாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களில் அவர் ஒருவர்.

பள்ளி முடித்த கையோடு அடிடாஸ் ஒப்பந்தம் வந்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக அணியில் ஓடித்தான் மேலே வருவார்கள். காலணி நிறுவனத்திடம் பணம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். ஃபீலிக்ஸ் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பக் கல்வி படித்துப் பட்டம் வாங்கினார், ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அடிடாஸ். ஆக, 17 வயதிலேயே அவருடைய படிப்பும் பிழைப்பும் ஒரு காலணி நிறுவனத்தின் கையெழுத்தில் தொங்கின.

சம்பளம் இல்லாத வேலை

நம் வாசகருக்கு இது சட்டென்று பிடிபடாது. இந்தியாவில் நன்றாக ஓடும் பெண்ணுக்கு ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். பி.டி. உஷாவே தெற்கு ரயில்வே அதிகாரியாக இருந்தவர்தான். கால் உடைந்தாலும் முதல் தேதி சம்பளம் வரும். பிரசவம் என்றால் 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு, சட்டமே சொல்கிறது. உஷா மகன் பிறந்த பிறகு திரும்பி வந்து 1998இல் ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் பதக்கம் வாங்கியவர்.

அமெரிக்காவில் விளையாட்டுக்கென்று மத்திய அமைச்சகம் கிடையாது. ஒலிம்பிக் கமிட்டிக்கு அரசு பணம் கொடுப்பதில்லை. ஊதியத்தோடு கூடிய பிரசவ விடுப்பை நாடு முழுவதும் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை. 1993இன் கூட்டாட்சிச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம், அதுவும் நிறுவனத்தில் ஊழியராக இருப்பவருக்கு. ஓட்டக்காரர் யாருக்கும் ஊழியர் அல்ல. காலணி நிறுவனத்தின் கணக்கில் அவர் தனி ஒப்பந்தக்காரர்.

அந்த ஒப்பந்தம் எப்படி இருக்கும்? ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படைத் தொகை. பதக்கம் வாங்கினால், சாதனை படைத்தால் அதற்கு மேல் கூடுதல். இது வெளியே தெரிகிற பாதி. மறுபாதியில் குறைப்பு விதிகள் இருக்கும். உலகத் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே போனால் இத்தனை சதவீதம் வெட்டு. ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பந்தயம் ஓடாவிட்டால் வெட்டு. ஒப்பந்த விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு பிரிவும் இருக்கும். அதனால் ஒருத்திக்கு நேர்ந்தது அடுத்தவளுக்குத் தெரியவே தெரியாது. கர்ப்பம் என்ற சொல் பல ஒப்பந்தங்களில் எந்த இடத்திலும் வராது. வராததால் அது காயத்தோடு சேர்ந்துவிடும். ஓடவில்லையா, வெட்டு. ஏன் ஓடவில்லை என்பது கணக்கில் இல்லை.

இருபது வயதில் ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது இந்தப் பிரிவுகள் யார் கண்ணிலும் படாது. ஃபீலிக்ஸ் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார்.

200 மீட்டரும் அந்த ஜமைக்காக்காரியும்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 18 வயதில் 200 மீட்டர் வெள்ளி. 22.18, இளையோர் உலக சாதனை. தங்கம் ஜமைக்காவின் வெரோனிக்கா கேம்ப்பெல்லுக்கு. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் உலக சாம்பியன், வயது 19. 2007இல் ஒசாகாவில் 21.81 ஓடி மீண்டும் சாம்பியன், கூடவே இரண்டு தொடரோட்டத் தங்கம். 2009இல் பெர்லினில் மூன்றாவது முறை. ஆனால் நடுவில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 21.93 ஓடியும் வெள்ளிதான், கேம்ப்பெல் 21.74. உலகப் போட்டியில் ஃபீலிக்ஸ் முதலில் வருவார். ஒலிம்பிக் வந்தால் கேம்ப்பெல் தட்டிச்செல்வார். 2009 வரை இப்படியே போனது.

ஃபீலிக்ஸ் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருடைய பலவீனம் தொடக்கம். பிளாக்கிலிருந்து கிளம்பும் முதல் சில அடிகளில் குள்ளமான, கட்டான உடம்புக்காரர்கள் அவரைத் தாண்டிவிடுவார்கள். நிமிர்ந்து நீளமாக எட்டு வைக்கத் தொடங்கியபின் அவரைப் பிடிப்பது கஷ்டம். 100 மீட்டரில் நிமிர்வதற்குள் பந்தயம் பாதி முடிந்துவிடும். 200இல் வளைவு முடியும்போதுதான் அவருடைய நேரம் தொடங்கும். தொடக்கத்தைத் திருத்துவதற்காகவே பயிற்சியாளர் பாபி கெர்சி அவரை 100 மீட்டரிலும் ஓடவைத்தார்.

அந்த 100 மீட்டரில்தான் 2012இல் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஒரு விசித்திரம் நடந்தது. மூன்றாவது இடத்துக்கு ஃபீலிக்ஸும் ஜெனீபா டார்மோவும் ஆயிரத்தில் ஒரு விநாடிகூட வித்தியாசமில்லாமல் வந்தார்கள். இருவருக்கும் 11.068. முதலில் டார்மோ மூன்றாவது என்று அறிவித்தார்கள். பிறகு படத்தை மறுபடி பார்த்து சமம் என்றார்கள். சமம் வந்தால் என்ன செய்வது என்று அமெரிக்கத் தடகளச் சங்கத்திடம் விதியே இல்லை. நாணயம் சுண்டலாமா, மறுபடி ஓடலாமா என்று அப்போதுதான் உட்கார்ந்து விதி எழுதினார்கள். மறு ஓட்டம் என்று முடிவாகி, கடைசியில் டார்மோ விலகிக்கொண்டார். இருவரும் கெர்சியிடமே பயிற்சி எடுத்தவர்கள் என்பதால் அது யாருக்கும் இனிக்கவில்லை.

லண்டனில் 100 மீட்டரில் ஐந்தாம் இடம். ஆனால் 10.89 ஓடியிருந்தார், அவருடைய மிகச் சிறந்த நேரம். தொடக்கம் சரியாகியிருந்தது. 200 மீட்டரில் 21.88, தங்கம். கேம்ப்பெல் நான்காவது. 4x100 தொடரோட்டத்தில் 40.82, உலக சாதனை. 4x400இலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று. தனி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் தங்கம் அந்த 200 மீட்டர்தான். 11 பதக்கத்தில் ஏழு தங்கம், அதில் ஆறு தொடரோட்டத்தில் வந்தவை. இதைச் சொல்லி அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் உண்டு. அவர் ஓடிய அந்தத் தொடரோட்டக் கால்பங்குகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 2015 உலகப் போட்டியில் 4x400 தொடரோட்டத்தில் தன் பங்கை 47.72இல் ஓடினார்.

வயது ஏற ஏற அவர் 400க்கு நகர்ந்தார். இது பல குறுந்தூர ஓட்டக்காரர்கள் போகும் வழி. உச்ச வேகம் முதலில் குறையும். அந்த வேகத்தைத் தாக்குப்பிடிக்கும் திறன் பயிற்சியால் கூடிக்கொண்டே போகும். 2015 பெய்ஜிங்கில் 49.26 ஓடி 400 உலக சாம்பியன் ஆனார். நடுவில் 2013இல் மாஸ்கோவில் 200 இறுதி ஓட்டத்தின் வளைவிலேயே தொடையின் பின்தசை கிழிந்து விழுந்தார். அண்ணன் வெஸ் ஓடிவந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் படம் இப்போதும் மனதில் நிற்கிறது.

ரியோ

2016 ரியோவில் 200, 400 இரண்டிலும் ஓடுவதாகத் திட்டம். அதற்கு வசதியாக ஒலிம்பிக் கால அட்டவணையையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஏப்ரலில் பயிற்சிக்கூடத்தில் கம்பியில் தொங்கி இறங்கியபோது கீழே கிடந்த கனமான பயிற்சிப் பந்தின் மேல் கால் வைத்து, கணுக்கால் தசைநார் கிழிந்தது. தேர்வுப் போட்டியில் 400ஐ வென்றார். 200இல் நான்காவது. மூன்றாவது இடம் 0.01 விநாடியில் போனது. நடப்புச் சாம்பியன் தன் பட்டத்தைக் காக்க ஓடக்கூட முடியவில்லை.

400 இறுதியில் கடைசி அடிகளில் பஹாமாஸின் ஷோனே மில்லரை அவர் பிடித்துவிட்டார் என்றே தோன்றியது. அந்த நொடியில் மில்லர் முன்னால் பாய்ந்து கோட்டின் மேல் விழுந்தார். 49.44. ஃபீலிக்ஸ் 49.51. விழுந்து ஜெயிக்கலாமா என்று உலகமே கேட்டது. விதி தெளிவானது: தலையோ கையோ கணக்கில்லை, உடற்பகுதி எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதே கணக்கு. நின்றுகொண்டு தொட்டாலும் விழுந்துகொண்டு தொட்டாலும் ஒன்றுதான். மில்லர் ஜெயித்தது முறையான வெற்றி.

அந்த ரியோவில் எனக்குப் பிடித்த காட்சி வேறு. 4x100 தகுதிச்சுற்றில் பக்கத்து லேன் பிரேசில் வீராங்கனை இடித்ததில் ஃபீலிக்ஸின் நடை தடுமாறி, அடுத்து ஓட வேண்டிய இங்கிலிஷ் கார்ட்னரிடம் போக வேண்டிய தொடரோட்டக் கோல் கீழே விழுந்தது. யாராக இருந்தாலும் அங்கேயே தலையில் கைவைத்து நின்றிருப்பார்கள். ஃபீலிக்ஸ் கார்ட்னரிடம், கோலை எடுத்துக்கொண்டு ஓடி முடி என்று சொன்னார். ஓட்டத்தை முடித்திருந்தால்தான் மேல்முறையீட்டுக்குப் பலம் இருக்கும் என்று அந்தப் பதற்றத்திலும் யோசித்திருக்கிறார். முறையீடு ஏற்கப்பட்டது. அன்று மாலையே, எதிராளிகள் யாரும் இல்லாமல், நான்கு பெண்கள் மட்டும் அரங்கில் தனியாக ஓடினார்கள். தகுதி பெற்றவர்களில் கடைசியாக இருந்த சீனாவின் நேரத்தைவிடக் குறைவாக ஓடியாக வேண்டும், ஓடினார்கள், 41.77. மறுநாள் இறுதியில் டியானா பார்ட்டொலெட்டா, ஃபீலிக்ஸ், கார்ட்னர், டோரி போவி நால்வரும் யாரும் விரும்பாத முதல் லேனிலிருந்து 41.01இல் தங்கம் வென்றார்கள். இந்த நான்கு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

70 சதவீதம்

2010இல் ஃபீலிக்ஸ் நைக்கி நிறுவனத்துக்கு மாறியிருந்தார். பெண் குழந்தைகளுக்காக அந்த நிறுவனம் நடத்திய திட்டம்தான் தன்னை ஈர்த்தது என்று பின்னாளில் எழுதினார். அந்த ஒப்பந்தம் 2017 டிசம்பரில் முடிந்தது. புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிறுவனம் சொன்ன தொகை, முன்பு வாங்கியதைவிட 70 சதவீதம் குறைவு. ஒன்பது ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவருக்கு.

அந்தப் பேச்சு நடந்த 2018இல்தான் அவர் கருவுற்றார். விஷயம் வெளியே தெரிந்தால் இருக்கிற தொகையும் போய்விடுமோ என்ற பயம். தொளதொள உடையில் வயிற்றை மறைத்தார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று விடிவதற்கு முன், நாலு மணி இருட்டில் பயிற்சிக்குப் போனார். முப்பத்திரண்டு வயதுப் பெண், கல்யாணமானவர், உலகப் புகழ் பெற்றவர், தன் வயிற்றில் பிள்ளை இருப்பதை ஒளித்து ஓடினார். நம் வீடுகளில் ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று வளையல் போட்டுக் கொண்டாடுகிற சேதி அது.

32ஆவது வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போனார். கால் வீங்கியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று எல்லா ஊரிலும்தான் சொல்கிறார்கள். பரிசோதித்தபோது இரத்த அழுத்தம் எகிறியிருந்தது, சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. கடுமையான முன்சூல்வலிப்பு.

இந்த நோய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடியின் இரத்தக்குழாய்கள் சரியாக அமையாததில் இது தொடங்குகிறது என்று மருத்துவம் சொல்கிறது. பொதுவாக 20ஆவது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தாண்டும். சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாவற்றையும் தாக்கக்கூடியது. முற்றினால் வலிப்பு வரும், தாய் இறந்துபோகலாம். குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதைத் தவிர இதற்கு வேறு தீர்வு இல்லை. உலகத்தரமான ஓட்டக்காரியின் உடம்பு என்று அது பார்ப்பதில்லை.

2018 நவம்பர் 28 அன்று அவசர சிசேரியனில் மகள் காம்ரின் பிறந்தாள். எடை சுமார் 1.6 கிலோ. முதல் சில வாரங்கள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. வயிற்றைக் கிழித்த புண் ஆறாத பெண், குழாய்கள் செருகிய குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் ஒப்பந்தப் பேச்சு முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஓடத் திரும்ப வேண்டும் என்ற அழுத்தத்தை அப்போது உணர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அவர் நிறுவனத்திடம் கேட்டது 70 சதவீதத்தைக் கூட்டித் தரச் சொல்லி அல்ல. அந்தக் குறைந்த தொகைக்குக்கூட ஒத்துக்கொள்ள இருந்தார். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பழையபடி ஓட முடியாமல் போனால் அதற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் வேண்டும் என்றார். அதற்கு நிறுவனம் சம்மதிக்கவில்லை.

2019 மே மாதம் இந்த மௌனம் உடைந்தது. முதலில் பேசியவர் 800 மீட்டர் ஓட்டக்காரி அலிசியா மொன்டான்யோ. 2014இல் எட்டு மாத வயிற்றோடு அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஓடியவர். கூடவே நெடுந்தூர ஓட்டக்காரி காரா கௌச்சர், குழந்தை பிறந்த பின் மீண்டும் பந்தயம் ஓடும்வரை பணம் நிறுத்தப்பட்டதைச் சொன்னார். இருவரும் ஒப்பந்தத்தின் இரகசியப் பிரிவை மீறித்தான் பேசினார்கள். பத்து நாள் கழித்து, மே 22 அன்று, நியூயார்க் டைம்ஸில் ஃபீலிக்ஸ் எழுதினார். அதிகம் விளம்பரப்படுத்தப்பட்ட தனக்கே இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்றால் வேறு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்பதே அவர் கேள்வி.

பத்திரிகையில் எழுதுவது அவர் சுபாவத்தில் இல்லாத காரியம். பதினைந்து ஆண்டுகளாக யாரையும் நோகப் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். அதனால்தான் அந்தக் கட்டுரைக்கு அத்தனை எடை வந்தது என்று நினைக்கிறேன். மூன்று மாதத்தில், ஆகஸ்டில், நைக்கி தன் ஒப்பந்தங்களை மாற்றியது: பிரசவத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குத் தொகையைக் குறைக்க மாட்டோம் என்று. வேறு சில நிறுவனங்களும் இதே வாக்கைக் கொடுத்தன. ஃபீலிக்ஸுக்கு அது பயன்படவில்லை; அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். பெண்களுக்கான உடை செய்யும் அத்லெட்டா நிறுவனம் ஜூலையில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த நிறுவனம் அதுவரை எந்த ஓட்டக்காரருக்கும் ஆதரவு கொடுத்ததில்லை. பின்னர் 2021இல் அவர்களோடு சேர்ந்து, தாயாக இருக்கும் விளையாட்டு வீராங்கனைகளின் பிள்ளை பராமரிப்புச் செலவுக்காக 2,00,000 டாலர் நிதியும் தொடங்கினார்.

தொடக்கக் கேள்விக்கு இங்கேதான் பதில். அத்லெட்டா உடை செய்யும், காலணி செய்யாது. நைக்கியோடு உறவு முறிந்தபின் காலுக்குப் போட ஒன்றும் இல்லை. அண்ணன்தான், நாமே செய்தால் என்ன என்றார். பெண்களுக்கான காலணிகள் பல ஆண் பாத அச்சை வைத்துச் செய்து அளவைச் சுருக்கியவை. பெண் பாதத்தின் குதிகால் ஒடுக்கம் என்பதை அவை கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர்கள் கண்ணில் பட்ட குறை. பெண் பாத அச்சில் செய்த ஸ்பைக்ஸோடு அவர் டோக்கியோவில் நின்றார்.

திரும்பி ஓடியது

பிரசவமான எட்டாவது மாதம் அமெரிக்கத் தேசியப் போட்டியில் 400 மீட்டரில் ஆறாவதாக வந்தார். தொடரோட்ட அணிக்கு அது போதும். 2019 செப்டம்பர் 29, தோஹா. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 உலகப் போட்டியில் அப்போதுதான் முதல்முறை. அமெரிக்கா 3:09.34, உலக சாதனை. ஃபீலிக்ஸுக்கு 12ஆவது உலகத் தங்கம். உசைன் போல்ட்டின் 11ஐ அன்று தாண்டினார். நம்மில் பலர் அந்த ஓட்டத்தை நேரலையில் பார்த்தது இந்தியாவுக்காக. முகமது அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நோவா நிர்மல் டாம் நால்வரும் அதே இறுதி ஓட்டத்தில் ஓடி ஏழாவதாக வந்தார்கள்.

2021 ஜூனில் டோக்கியோவுக்கான தேர்வு. கடைசி வளைவில் பின்தங்கியிருந்த ஃபீலிக்ஸ் நேர்கோட்டில் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த க்வனெரா ஹேய்ஸும் 2018இல் பிள்ளை பெற்றவர். ஓட்டம் முடிந்ததும் ஹேய்ஸின் மகனும் காம்ரினும் தடத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாய்மார் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில்.

2022இல் யூஜீன் உலகப் போட்டியில் கலப்புத் தொடரோட்ட வெண்கலத்தோடு ஓய்வு பெற்று வீட்டுக்கே போய்விட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கெர்சியின் அழைப்பு: பெண்கள் 4x400 தகுதிச்சுற்றுக்கு ஆள் வேண்டும். திரும்பப் போய் ஓடினார். அணி இறுதியில் ஜெயித்தது. உலகப் போட்டியில் 20ஆவது பதக்கம், 14ஆவது தங்கம்.

அந்த நான்கு பெயர்கள்

2019 மே 16 அன்று, அதாவது பத்திரிகைக் கட்டுரைக்கு ஒரு வாரம் முன்பே, ஃபீலிக்ஸ் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். பேசியது ஒப்பந்தத்தைப் பற்றி அல்ல, பிரசவத்தில் இறக்கும் கறுப்பினப் பெண்களைப் பற்றி. அரசுக் கணக்குப்படி 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் இறப்பு 26.6, கறுப்பினத் தாய்மார் இறப்பு 69.9. படிப்பும் வருமானமும் கூடினாலும் இந்த இடைவெளி மறைவதில்லை. வலிக்கிறது, மூச்சு திணறுகிறது என்று கறுப்பினப் பெண் சொன்னால் மருத்துவர் காதில் அது முழுசாக விழுவதில்லை என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. தனக்கு இது நடக்கும் என்று ஃபீலிக்ஸ் நினைத்துப் பார்க்கவே இல்லை. நல்ல காப்பீடு, நல்ல மருத்துவர், பயிற்சி பெற்ற உடம்பு எல்லாம் இருந்தன.

ரியோவில் முதல் லேனில் ஓடிய நால்வரில் டியானா பார்ட்டொலெட்டாவுக்குக் குழந்தை 26ஆவது வாரத்தில் பிறந்தது; அவரும் சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர். கடைசிப் பங்கை ஓடிய டோரி போவி 2017 உலகப் போட்டியின் 100 மீட்டர் சாம்பியன். 2023 மே மாதம் ஃப்ளோரிடாவில் தன் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். வயது 32, எட்டு மாதக் கர்ப்பம். சூல்வலிப்பு வந்திருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை. குழந்தையும் பிழைக்கவில்லை. நால்வரில் மூன்று பேருக்குப் பிரசவம் உயிர்ப் போராட்டமானது. ஃபீலிக்ஸுக்கு வந்ததும் போவிக்கு வந்ததும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். ஒருத்தி அன்றைக்கு மருத்துவமனையில் இருந்தாள், மற்றவள் தனியாக இருந்தாள்.

போவி இறந்தபின் ஃபீலிக்ஸ் மறுபடி எழுதினார், இந்த முறை இன்னும் கோபமாக. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், விளையாட்டு வீரர்களே வாக்களித்து அவரைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் வலியுறுத்தியதால் அந்த ஒலிம்பிக் கிராமத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். ஒலிம்பிக் வரலாற்றில் அது முதல்முறை. பந்தயத்துக்கும் பயிற்சிக்கும் நடுவில் தாய் வந்து உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நாற்காலி, துணி மாற்ற ஒரு மேசை, தரையில் சில பொம்மைகள்.